பெயிண்ட் அல்ல, பிரேக்தான் மரியாதை



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு எத்தனை கேள்விகள்! "டீச்சர், எப்ப மிலிட்டரியில சேந்தீங்க?" என்று என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் கேட்டிருக்கிறான். (பையன் என்கிறேன், அவனுக்கே நாற்பது வயது தாண்டிவிட்டது.) "சித்தி, அந்த லாரி நெசமாவே ஓடுமா?" என்று அக்கா மகள். "சண்டைக்குப் போன வண்டிக்கு எதுக்கு ஊர்வலம்?" என்று சம்பந்தி. தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நான் மகள் வீட்டில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறேன். எதிர்வீட்டில் 74 வயதுப் பெரியவர் ஒருவர், கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கொட்டகையில் நிற்பதுதான் நீங்கள் பார்த்த பச்சை லாரி. இரண்டாம் உலகப் போர்க்கால ஜிஎம்சி. முன்னால் இரண்டு, பின்னால் எட்டு என்று பத்து டயர். இரண்டரை டன் வண்டி என்பதால் சிப்பாய்கள் இதை "டியூஸ் அண்ட் எ ஹாஃப்" என்று கூப்பிட்டார்களாம். போர்க்காலத்தில் இந்த வகை 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. பெரும்பகுதி இங்கே பக்கத்தில் இருக்கும் பான்டியாக் நகரத்திலேயே செய்யப்பட்டவை. அதனால் இந்த ஊர்க்காரர்களுக்கு இது பிறந்த வீட்டுப் பெண் திரும்பி வந்த மாதிரி.

ஜூலை 4 இவர்களுடைய சுதந்திர நாள். அன்று ஊர்வலத்தில் இந்த லாரி போக வேண்டும். ஆறு வாரமாக அதற்கான ஏற்பாடு நடக்கிறது. சாயங்காலமானால் நானும் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். மாப்பிள்ளை இருந்தால் மொழிபெயர்ப்பார். இல்லாவிட்டாலும் பாதகமில்லை, ஸ்பானர் பேசும் மொழி எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

அங்கே உட்கார்ந்து எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. பழைய வண்டிக்கும் அதை ஓட்டிய மனிதர்களுக்கும் நாம் செய்யும் மரியாதை பெயிண்டில் இல்லை. யார் கண்ணுக்கும் தெரியாத பிரேக் குழாயில்தான் இருக்கிறது.

வகுப்பில் நான் செய்துகாட்டிய சோதனை நினைவிருக்கிறதா? இரண்டு சிரிஞ்ச், நடுவில் ஒரு ரப்பர் குழாய், உள்ளே தண்ணீர். ஒன்றை அழுத்தினால் மற்றது எழும். "குழாயில் ஒரு சின்ன ஓட்டை போட்டால் என்ன ஆகும்?" என்று கேட்பேன். "தண்ணி பீச்சும் டீச்சர்!" என்று கத்துவீர்கள். இந்த லாரியின் பிரேக் அதே சோதனைதான். காலால் மிதித்தால் ஆயில் குழாய் வழியாக அழுத்தம் எல்லாச் சக்கரங்களுக்கும் போகும். இன்றைய கார்களில் இதற்கு இரண்டு தனித்தனிப் பாதைகள். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். இந்த லாரியிலோ ஒரே பாதை. எங்கோ ஒரு மூலையில் ஒரு குழாய் துருப்பிடித்து விட்டால் எல்லாச் சக்கரங்களுக்கும் சேர்த்துப் பிரேக் போய்விடும்.

அதனால்தான் பெரியவர் முதல் மூன்று வாரம் வண்டியின் மேல்பக்கத்தைத் தொடவே இல்லை. மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினார். ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சின்ன சிலிண்டர்களைத் திறந்து துரு பார்த்தார். இரும்புக் குழாய்களையும் ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினார். பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புதிது ஊற்றினார். சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வண்டி ஓடாமல் நின்றாலும் உள்ளே துரு வேலை பார்த்துக்கொண்டே இருக்கும்.

"மணிக்கு நாலு மைல் வேகத்துல போற வண்டிக்கு இவ்வளவா?" என்று நானே கேட்டேன். நடக்கிற வேகம்தானே அது. அவர் சொன்ன பதில் என்னை யோசிக்க வைத்தது. ஊர்வல வேகம்தான் இந்த வண்டிக்குக் கடினமான சோதனையாம். வேகமாகப் போனால் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்கும். ஊர்ந்து போனால் ஜூலை வெயிலில் இன்ஜின் கொதிக்கும். அந்தச் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். ஆவியை பம்ப் இழுக்க முடியாது, இன்ஜின் நின்றுவிடும். இப்போது எத்தனால் கலந்து வரும் பெட்ரோல் இன்னும் சுலபமாக ஆவியாகும், பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். இன்ஜின் நின்றால் என்ன, தள்ளிவிடலாமே என்கிறீர்களா? இந்த லாரியில் பிரேக்குக்குத் துணைபுரியும் வெற்றிட விசை இன்ஜினிலிருந்து வருகிறது. இன்ஜின் நின்றால் அந்தத் துணையும் சீக்கிரம் தீர்ந்துவிடும். மிதி கல்லாகிவிடும். இறக்கத்தில் நாலு டன் இரும்பு, முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாத்தியம் வாசித்துக்கொண்டு போகிறார்கள். ஒன்றோடு ஒன்று எப்படிக் கோத்துக்கொண்டு வருகிறது பாருங்கள்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2022 நவம்பர் 19 அன்று வட கரோலினா மாநிலத்தின் ராலி நகரில் கிறிஸ்துமஸ் அணிவகுப்பு நடந்தது. அலங்கார மேடையை இழுத்துப்போன ஒரு டிரக் கட்டுப்பாடு இழந்து, முன்னால் ஆடிக்கொண்டு போன குழந்தைகள் பக்கம் வந்துவிட்டது. 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். பிரேக் பிடிக்கவில்லை என்று ஓட்டுநர் கத்தியதைப் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். அதுவும் நடக்கிற வேகத்தில் போன ஊர்வலம்தான்.

போன வருடமும் இந்த லாரி போவதாக இருந்ததாம். ஊர்வலத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு பின்சக்கர சிலிண்டரில் ஈரக்கசிவு. மாற்றுப் பாகம் வந்துசேர நேரமில்லை. "ஹேண்ட் பிரேக் இருக்கே, ஒரு மைல்தானே" என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர் வண்டியை எடுக்கவில்லை. துவைத்து இஸ்திரி போட்ட தொப்பியோடு நடைபாதையில் நின்று ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு வந்தார். சிலர் கேலி செய்தார்களாம். என்னைக் கேட்டால், அவர் அந்த லாரிக்குச் செய்த பெரிய மரியாதை அன்று அதை எடுக்காமல் இருந்ததுதான்.

இப்போது சம்பந்தியின் கேள்விக்கு வருகிறேன். சண்டை வண்டிக்கு எதற்கு ஊர்வலம்? நியாயமான கேள்வி. போரைக் கொண்டாடுவதில் எனக்கும் விருப்பமில்லை. ஆனால் இந்த லாரி சுமை தூக்கிய வண்டி. ரொட்டி, பெட்ரோல், மருந்து, குண்டு எல்லாம் இதன் முதுகில்தான் போயின. 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் இறங்கி, பிறகு வேகமாக முன்னேறின. ரயில் பாதைகள் குண்டுவீச்சில் நாசமாகியிருந்தன. அதனால் லாரிகளுக்கென்றே சாலைகளை ஒதுக்கி, இரவு பகலாகச் சுற்றவிட்டார்கள். ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்று பெயர். 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை ஓடியது. உச்சத்தில் ஏறக்குறைய 6,000 வண்டிகள், நாளொன்றுக்குச் சுமார் 12,500 டன் சரக்கு.

அந்த ஓட்டுநர்களில் நான்கில் மூன்று பங்கு கறுப்பினத்தவர்கள். அப்போது அமெரிக்க ராணுவத்தில் அவர்களுக்குத் தனிப் படைப்பிரிவு. பெரும்பாலும் சண்டைப் பிரிவில் சேர்க்காமல் லாரி ஓட்டவும் மூட்டை தூக்கவும் விட்டார்கள். அவர்கள் கொண்டுபோன பெட்ரோல் இல்லாவிட்டால் முன்னால் போன டாங்குகள் வழியிலேயே நின்றிருக்கும். ராணுவத்தில் இந்தப் பாகுபாட்டை நீக்கும் ஆணையை ஜனாதிபதி ட்ரூமன் போட்டது 1948 ஜூலை 26 அன்றுதான். போர் முடிந்து மூன்று வருடம் கழித்து!

எனவே இந்த லாரி தெருவில் வருவது சரியே என்பது என் கருத்து. கண்ணுக்குத் தெரியாமல் உழைத்தவர்களை ஊர் ஒருநாளாவது நிமிர்ந்து பார்க்கட்டும். ஆனால் வெறுமனே கொடி கட்டிக்கொண்டு வந்தால் போதாது. இதை ஓட்டியது யார் என்று எழுதி ஒட்ட வேண்டும் என்று பெரியவரிடம் சொன்னேன். கதவில் ஒரு பலகை தயாராகியிருக்கிறது. சின்னப் பிள்ளைகளும் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பழக்கதோஷம்!

ஊர்வலத்தன்று அவர் போட்டிருக்கும் விதிகளையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் ஏறுபவர்கள் பெஞ்சில் உட்கார வேண்டும், நிற்கக் கூடாது. பின்கதவு மூடியிருக்கும், வார் கட்டியிருக்கும். வண்டியிலிருந்து மிட்டாய் வீசக் கூடாது. வீசினால் பிள்ளைகள் சக்கரத்துப் பக்கம்தான் ஓடிவருவார்கள். உயரமான பானெட்டுக்கு முன்னால் நிற்கும் சின்னக் குழந்தை ஓட்டுநருக்குத் தெரியாது, அதனால் இரண்டு பக்கமும் ஆள் நடந்து வருவார்கள். அவர்களில் ஒருவர் கையில் சக்கரத்துக்கு வைக்கும் கட்டை. மேலே நின்று மிட்டாய் வீச ஆசைப்பட்ட என் பேரன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். இப்போது மாப்பிள்ளையோடு கூடவே நடந்து, மிட்டாயைக் கையில் கொடுக்கும் வேலை அவனுக்கு.

அந்தக் கட்டையைப் பார்த்ததும் எனக்கு நம் ஊர்த் தேர்தான் நினைவுக்கு வந்தது. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் முட்டுக்கட்டை போடும் சில பேர்தான். படத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தது. அதனால் பக்தி ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் போனார்களே, மறக்க முடியுமா? அலங்காரத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் ஒரு பங்கைப் பாதைக்கும் சக்கரத்துக்கும் கொடுக்க வேண்டும். அமெரிக்காவானாலும் அம்மாப்பேட்டையானாலும் விதி ஒன்றுதான்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். செய்யுங்கள், நானும் செய்கிறவள்தான். ஆனால் எலுமிச்சம்பழம் பிரேக் பிடிக்காது. பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள்? டயரின் பக்கவாட்டில் அது எந்த வருடம் எந்த வாரம் செய்தது என்று நான்கு இலக்கத்தில் போட்டிருக்கும், என்றாவது பார்த்திருக்கிறீர்களா? பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் வயதானால் வெடிக்கும். என் மாணவர்களில் பள்ளி வேன் ஓட்டுபவர்கள் இருக்கிறீர்கள், ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது நன்றாகவே தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஊர்வலம் வெள்ளிக்கிழமை. படம் போடுகிறேன். அதற்குள் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: இன்று மாலை உங்கள் வண்டியின் டயரில் உள்ள அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து, கீழே கமெண்டில் எழுதுங்கள். பார்க்காமல் எழுதினால் டீச்சருக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்