விளையாட்டுத் திருவிழாவில் ஊதியமில்லாப் பணி வேலைக்கு வழி திறக்குமா? அகமதாபாத்துக்கு மான்செஸ்டர் தரும் பாடம்

காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளின் நூற்றாண்டு விழா 2030-ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் நடைபெறும் என்பது, 2025 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் கூடிய காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் பொதுச் சபையில் உறுதியானது. அன்று முதல் அரங்குகள், மெட்ரோ ரயில், வீரர்கள் தங்கும் குடியிருப்பு என்று பேச்சு நீள்கிறது. நுழைவாயிலில் சீட்டைச் சரிபார்ப்பவர், சக்கர நாற்காலியில் வருபவரை இருக்கை வரை அழைத்துச் செல்பவர், வழி தவறிய வெளிநாட்டுப் பயணிக்குப் பேருந்து நிறுத்தத்தைக் காட்டுபவர் ஆகியோர் குறித்துப் பேச்சு குறைவு. ஊதியம் பெறாத இந்தத் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில் இல்லாமல் இத்தகைய போட்டி எதுவும் இன்று நடைபெறுவதில்லை.

அவர்கள் யாராக இருப்பார்கள் என்பது சிறிய கேள்வியன்று. வழக்கமாக அந்த இடங்கள் கல்லூரி மாணவர்களுக்கும், விடுப்பு எடுக்கக்கூடிய பணியில் இருப்போருக்கும், ஓய்வுபெற்றோருக்குமே செல்கின்றன. நீண்டகாலம் வேலையின்றி இருப்பவர், மாற்றுத்திறனாளி, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் போன்றோரை அந்தச் சீருடைக்குள் கொண்டுவந்து, அதன் வழியே வேலைச் சந்தைக்குள் நுழையச் செய்ய முடியுமா? முடியும் என்று நம்பிப் பெரிய அளவில் முதலில் முயன்று பார்த்த நகரங்களுள் ஒன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர்.

சுரங்கம் இருந்த இடத்தில் அரங்கம்

2002 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 4 வரை மான்செஸ்டரில் காமன்வெல்த் போட்டிகள் நடைபெற்றன. முதன்மை அரங்கம் எழுந்த இடம், 1968-இல் மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் நிலம். சுரங்கமும் ஆலைகளும் போன பிறகு வேலையின்மையில் மூழ்கிய கிழக்கு மான்செஸ்டரை மீட்பதே போட்டியை நடத்துவதற்கு அந்நகரம் சொன்ன காரணங்களுள் முதன்மையானது.

சுமார் 10,000 தன்னார்வலர்கள் அப்போட்டிகளில் பணியாற்றினர். அதற்கு முன்பே, நகர மறுசீரமைப்பு நிதியிலிருந்து 'முன்தன்னார்வலர் திட்டம்' என்ற தனி முயற்சி வடமேற்கு இங்கிலாந்து முழுவதும் தொடங்கப்பட்டது. வேலையற்றோர், மாற்றுத்திறனாளிகள், சிறுபான்மை இனத்தவர் எனப் பின்தங்கிய பிரிவினரைத் தேடிச் சென்று சேர்ப்பது அதன் நோக்கம். நிகழ்ச்சிகளில் தன்னார்வப் பணி செய்வது குறித்த குறுகிய காலப் பாடநெறி உள்ளூர்க் கல்லூரிகளில் நடத்தப்பட்டது. முடித்தவர்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் கிடைத்தது. பள்ளியை விட்ட பிறகு எந்தச் சான்றிதழையும் கையில் வாங்காத ஒருவருக்கு அந்தத் தாளின் எடை வேறு.

முடிவு கலவையானது. பயிற்சி முடித்த அனைவருக்கும் போட்டியில் இடம் கிடைக்கவில்லை. சேர்ந்தோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், உடனடியாக ஊதிய வேலைக்குச் சென்றோர் சிறு பங்கினரே. வேலைவாய்ப்பு எண்ணிக்கையை மட்டும் வைத்து அளந்தால் இத்திட்டம் பெரிய வெற்றி என்று சொல்ல இயலாது.

ஆனால் நிறைவு விழாவோடு பெரும்பாலான நகரங்கள் தன்னார்வலர் பட்டியலை மூடி வைத்துவிடும், மான்செஸ்டர் மூடவில்லை. போட்டித் தன்னார்வலர்களையும் முன்தன்னார்வலர் திட்டத்தினரையும் சேர்த்து, 'மான்செஸ்டர் நிகழ்ச்சித் தன்னார்வலர்கள்' என்ற அமைப்பாகத் தொடரச் செய்தது. நகரில் நடைபெறும் ஓட்டப் போட்டிகள், திருவிழாக்கள் ஆகியவற்றுக்கு ஆள் தேவைப்படும்போது அந்த அமைப்பு அழைத்தது. பதினோரு நாள் அனுபவம் பல ஆண்டு அனுபவமாக மாறியது.

இந்த அமைப்பை ஆராய்ந்த ஜெஃப் நிக்கோல்ஸ், ரீட்டா ரால்ஸ்டன் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பயன்களை வேலை என்ற ஒரே அளவுகோலால் அளப்பது தவறு என்ற வாதத்தை முன்வைத்தது. தன்னம்பிக்கை, புதிய மனிதர்களோடு பழக்கம், நாளுக்கு ஓர் ஒழுங்கு ஆகியவற்றைப் பங்கேற்றோர் பெற்றனர். விருப்பத்தின் பேரில் வந்ததாலேயே அவை சாத்தியமாயின என்பது அவர்களது கருத்து.

இது வெறும் ஆறுதல் வார்த்தை அன்று. ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற சிற்றூரில் நூற்பாலை மூடப்பட்ட பின், 1930-களின் தொடக்கத்தில் சமூக உளவியலர் மாரி யஹோடாவும் சகாக்களும் நடத்திய புகழ்பெற்ற ஆய்வும் இதையே காட்டியது. வேலையிழந்தோருக்கு நேரம் மிகுந்திருந்தும், நூலகத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை குறைந்தது. வேலை போகும்போது ஊதியம் மட்டும் போவதில்லை. எழுந்து கிளம்புவதற்கான காரணமும் போகிறது. காலை ஆறு மணிக்கு அரங்க வாயிலில் ஒருவர் தன் பெயரைக் கேட்டு அழைப்பார் என்பது, பல ஆண்டுகள் வீட்டிலிருந்தவருக்கு மருந்து போன்றது. நேர்முகத் தேர்வில் 'இத்தனை ஆண்டுகள் என்ன செய்தீர்கள்?' என்ற கேள்விக்குச் சொல்ல ஒரு பதிலும், பெயரைப் பரிந்துரைக்க ஒரு மேற்பார்வையாளரும் கிடைப்பது அடுத்த பயன்.

லண்டன் கண்ட இரு முகங்கள்

மான்செஸ்டரின் முயற்சியை 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் பின்பற்றியது. வேலையற்ற லண்டன்வாசிகளுக்கான 'பர்சனல் பெஸ்ட்' திட்டத்தில் பயிற்சி முடிப்போருக்கு ஒலிம்பிக் தன்னார்வலர் தேர்வில் நேர்காணல் உறுதி செய்யப்பட்டது. 70,000 இடங்களுக்குச் சுமார் 2,40,000 பேர் விண்ணப்பித்த போட்டியில் அந்த உறுதி மதிப்புமிக்கது. ஆயினும் அது நேர்காணலுக்கான உறுதிதான். இடத்துக்கான உறுதி அன்று, வேலைக்கான உறுதியும் அன்று.

அதே ஆண்டு ஜூன் மாதம் இதன் மறுபக்கம் வெளிப்பட்டது. அரசி இரண்டாம் எலிசபெத்தின் வைரவிழா படகு அணிவகுப்புக்குக் கூட்டத்தை ஒழுங்குபடுத்த, அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் இருந்த நீண்டகால வேலையற்றோர் சிலர் பேருந்துகளில் லண்டனுக்கு அழைத்து வரப்பட்டனர். அவர்களுள் ஊதியமின்றிப் பணியாற்றியோர், இரவில் பாலத்தின் அடியில் உறங்குமாறு சொல்லப்பட்டதாகப் பிரிட்டிஷ் நாளேடு வெளிக்கொணர்ந்தது. நாடாளுமன்றம் வரை சர்ச்சை சென்றது. ஒலிம்பிக்ஸில் ஊதியம் கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பே தங்களை வரச் செய்தது என்று சிலர் கூறினர். தன்னார்வத்துக்கும் கட்டாயத்துக்கும் இடையிலான கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வேறொரு வழியைத் தேர்ந்தது. 45,000 தன்னார்வலர்களை அது திரட்டியது உண்மை. ஆனால் பின்தங்கியோருக்கான வாய்ப்பைத் தன்னார்வப் பணியில் மட்டும் தேடவில்லை. ஒலிம்பிக் கட்டுமானப் பணிகளின் வேலை நேரத்தில் 10 சதவீதத்தை, வேலைச் சந்தையிலிருந்து விலகி நிற்போருக்கு ஒதுக்க வேண்டும் என்று ஒப்பந்த நிபந்தனை விதித்தது. சான்றிதழை விட ஊதியச் சீட்டு வலிமையானது என்ற எளிய உண்மையை அது ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம்.

இன்னொரு மான்செஸ்டர்

'இந்தியாவின் மான்செஸ்டர்' என்று அழைக்கப்பட்ட நகரம் அகமதாபாத். தமிழ் வாசகர்களுக்கு அந்த அடைமொழி கோவையோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். துணி ஆலை மிகுந்த ஊர்களுக்கெல்லாம் அப்பெயரை வழங்குவது அக்கால வழக்கம். ஆனால் இங்கு ஒப்புமை பெயரோடு நிற்கவில்லை. 1980-களிலும் 1990-களிலும் அகமதாபாத்தின் ஆலைகள் அடுத்தடுத்து மூடப்பட, ஒரு லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் நிரந்தர வேலையை இழந்தனர். பலர் தெரு வணிகத்துக்கும் தினக்கூலிக்கும் ஆட்டோ ஓட்டுவதற்கும் தள்ளப்பட்டனர். சபர்மதியின் கிழக்கே இருக்கும் ஆலைப் பகுதிகளில் இன்றும் அக்குடும்பங்களின் அடுத்த தலைமுறை வாழ்கிறது. போட்டிகளின் மையமாகக் கருதப்படும் மோட்டேராவோ ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது.

இந்த இரண்டு மான்செஸ்டர்களுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பிரிட்டனில் வேலையற்றோர் உதவித்தொகை பெறும் ஒருவர், வேலை தேடுவதைத் தொடரும் வரை, தன்னார்வப் பணியும் செய்யலாம். பயணச் செலவையும் பெற்றுக்கொள்ளலாம். அடுப்பு எரிவதற்கு அரசின் தொகை இருக்கிறது. அகமதாபாத்தில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் பெண்ணுக்கு அப்படி ஒரு தொகை இல்லை. பத்து நாள் பயிற்சி, பதினோரு நாள் பணி என்றால் மூன்று வார வருமான இழப்பு. இந்தியாவில் ஏழைகளிடம் 'இலவசமாக உழையுங்கள், பிறகு வேலை கிடைக்கும்' என்று சொல்வது, கடன் வாங்கி வேலை தேடுங்கள் என்று சொல்வதற்குச் சமம்.

சட்டமும் இங்கு மௌனமாக இல்லை. 1982 தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவான கூலிக்கு உழைப்பைப் பெறுவது அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசியும் வறுமையும் ஏற்படுத்தும் நெருக்கடியும் கட்டாயமே என்றது நீதிபதி பி.என்.பகவதி எழுதிய அத்தீர்ப்பு. அது தன்னார்வலர்களைப் பற்றிய வழக்கு அன்று. எனினும், வேலை வாய்ப்பைத் தூண்டிலாக வைத்து வறியவர்களை ஊதியமின்றிப் பணியமர்த்த நினைக்கும் எந்த அமைப்புக் குழுவும் அதைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

2010 தில்லி காமன்வெல்த் போட்டிகளின் அனுபவம் வேறு வகையில் எச்சரிக்கிறது. அப்போது தன்னார்வலர்கள் பெரும்பாலும் கல்லூரிகளிலிருந்தே திரட்டப்பட்டனர். போட்டி நெருங்கியபோது ஆயிரக்கணக்கானோர் விலகிவிட்டதாகச் செய்திகள் வெளியாயின. போட்டி முடிந்த பின் அந்தப் பட்டியலுக்கு மான்செஸ்டரில் கிடைத்த மறுவாழ்வு தில்லியில் கிடைக்கவில்லை.

எங்கே தொடங்குவது

தற்போது மத்திய அரசிடம் இருக்கும் கருவி 'மை பாரத்' இணையதளம். 2023 அக்டோபர் 31 அன்று தொடங்கப்பட்ட இத்தளம் 15 முதல் 29 வயது வரையிலான இளைஞர்களுக்கானது. கைப்பேசியும் இணையமும் பழகியவர்களை அது எளிதில் சேர்க்கும். 42 வயதில் வேலை தேடும் கைம்பெண்ணையோ, செவித்திறன் குறைந்தவரையோ அது தானாகத் தேடிச் செல்லாது. அவர்களைச் சென்றடைய வேறு கைகள் வேண்டும். 1972-இல் இலா பட் அகமதாபாத்திலேயே தொடங்கிய சேவா அமைப்பு, அமைப்புசாராப் பெண் தொழிலாளர்களிடையே அரை நூற்றாண்டு வேர் பிடித்தது. அத்தகைய அமைப்புகளை நாடாமல் போட்டிக் குழு தானே ஆள் சேர்ப்பது வீண் முயற்சி.

பணம் கொடுப்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024-இல் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. தொழிற்பழகுநர் திட்டத்தில் உதவித்தொகையின் ஒரு பகுதியை மத்திய அரசே ஏற்கிறது. பயிற்சிக் காலத்துக்கு ஊக்கத்தொகை, போட்டி நாள்களுக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தொகை என்று வகுத்தால் 'தன்னார்வலர்' என்ற பெயர் பொருந்தாமல் போகலாம். பெயர் போவதில் இழப்பு ஏதுமில்லை.

சான்றிதழின் மதிப்பு அதை ஏற்கும் முதலாளியைப் பொறுத்தது. கூட்டத்தை நெறிப்படுத்தக் கற்றவருக்கு அடுத்த படி தனியார் காவல் பணி. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் அப்பணிக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கியுள்ளது. போட்டிக்கான பயிற்சியை அந்தப் பாடத்திட்டத்தோடு இணைத்துவிட்டால், பத்து நாள் வகுப்பு வீணாகாது. விடுதி வரவேற்பு, அரங்கப் பராமரிப்பு ஆகிய பணிகளுக்கும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் இடம் இருக்கிறது.

அகமதாபாத்தில் நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஐபிஎல் ஆட்டங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. 2025 ஜனவரியில் கோல்ட்பிளே இசைக்குழுவின் நிகழ்ச்சிகளும் மோட்டேரா அரங்கில் நடைபெற்றன. அந்த நாள்களுக்கு ஆள்களை ஒப்பந்ததாரர்களே நாள் கூலிக்குத் திரட்டுகின்றனர். பயிற்சி பெற்றோரின் பட்டியல் ஒன்று மாநகராட்சியின் கையில் இருந்து, அரங்கத்தை வாடகைக்கு எடுப்போர் முதலில் அப்பட்டியலிலிருந்தே ஆள் எடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டால், 2030-க்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த ஐபிஎல் பருவத்திலேயே அதை ஒத்திகை பார்க்கலாம். அதற்கான செலவு அரங்கச் செலவின் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. பட்டியலைப் போட்டிக்குப் பின்னும் பராமரிக்கும் அலுவலகம் எது, அதன் ஊழியர்களுக்கு ஊதியம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதுதான் இப்போதே எழுதி வைக்கப்பட வேண்டியது.