பனிநாட்டு மரக்குடில் நம் ஊருக்கு ஆகுமா?

தோட்டத்து மூலையில் ஒரு மரக்குடில், உள்ளே மேசை, நாற்காலி, விளக்கு. வெளியே பனி பெய்ய, உள்ளே ஒருவர் கணினியில் வேலை செய்துகொண்டிருப்பார். கிருமித்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியபோது இத்தகைய காணொளிகள் பெருகின. உருட்டுக் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் காடி வெட்டிக் கோத்து எழுப்பும் குடில் அது. பின்லாந்திலும் சுவீடனிலும் பல நூற்றாண்டுகளாக இருக்கும் முறை. இன்று எண்ணிட்ட பலகைகளாகப் பெட்டியில் கட்டி விற்கிறார்கள். பார்த்தால் ஆசை வரும்.

உட்லண்ட்ஸில் உங்களில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீட்டில்தான் இருக்கிறீர்கள். தோட்டமே இல்லையே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உட்குரோவ் பக்கம் தரைவீடுகள் இருக்கின்றன. பள்ளிகளில் தோட்டம் இருக்கிறது. தம்பி தங்கையின் சத்தத்துக்கு நடுவே தேர்வுக்குப் படிக்க இடம் தேடும் மாணவர்கள் எல்லாப் புளோக்கிலும் இருக்கிறார்கள். சிறிய தனி அறை என்பது நியாயமான ஆசைதான். ஆனால் பனிநாட்டுக் குடிலை அப்படியே வாங்கி இங்கே நிறுத்துவது அறிவியலுக்கு ஒவ்வாது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் மரத்துக்கு உரிய பாராட்டைக் கொடுத்துவிடுவோம். ஒரே தடிமனில் கான்கிரீட்டைவிட மரம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்தும். வெளியே உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால் இடைவெளி 30 டிகிரி. அந்த ஊரில் சுவர்தான் போர்வை. சன்னலும் சிறியது, இடுக்குகளையும் அடைத்துவிடுவார்கள். உள்ளிருக்கும் சூடு வெளியே போகக்கூடாது, அவ்வளவுதான் அவர்கள் கவலை.

நம் ஊரில் இரவு 25 டிகிரி, பகல் 31, 32 டிகிரி. 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. சுவருக்கு இருபுறமும் வெப்பநிலை வேறுபாடு குறைவு. எனவே போர்வைக்கு இங்கே அவ்வளவு வேலை இல்லை. வெயில் நேராக விழும் இடம்தான் தொல்லை, அந்த இடம் கூரை. உட்லண்ட்ஸ் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரை டிகிரி தொலைவில்கூட இல்லை. ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலையிலிருந்து 25 டிகிரிக்கு மேல் சாய்வதில்லை. கூரை சூடாகி, உட்கூரையும் சூடாகி, மேசையில் குனிந்திருக்கும் உங்கள் தலைமேல் வெப்பத்தைக் கதிர்வீசும். சன்னல் சிறியதாக இருந்தால் அந்தச் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

'குளிர்சாதனம் வைத்தால் போகிறது' என்பீர்கள். அங்கேதான் பெரிய சிக்கல் தொடங்குகிறது. குளிர்நாட்டில் மனிதர் மூச்சு, சமையல் ஆவி எல்லாம் வெதுவெதுப்பான உள்பக்கத்திலிருந்து வெளியே போகப் பார்க்கும். சுவருக்குள் போய்க் குளிர்ந்து நீராகிவிடக்கூடாது என்பதற்காக, வெப்பக்காப்பு வைத்த சுவர்களில் ஈரம் தடுக்கும் தாளை உள்பக்கமாக ஒட்டுவார்கள். இங்கே எல்லாம் தலைகீழ். நம் வெளிக்காற்றின் பனிநிலை பெரும்பாலும் 24, 25 டிகிரி. அந்த அளவுக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று நீர்த்துளி விடும். குளிர்பானக் குவளையின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதேதான். அறையை 22 டிகிரிக்குக் குளிரவைத்தால், கட்டை இடுக்கு வழியாக நுழையும் வெளிக்காற்று உள்பக்கத் தாளில் போய் வியர்க்கும். யாரும் பார்க்காத இடத்தில், சுவருக்குள்ளேயே. பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

மரமும் சும்மா இருப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்துக்கு ஏற்ப அது நீரை உறிஞ்சும், விடும். 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் கொண்ட நம் காற்றில் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் போய் நிற்கும். 12 விழுக்காட்டுக்கு உலர்த்திய கட்டைகள் இங்கே வந்து இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விழுக்காடு ஈரத்துக்கும் மென்மரம் குறுக்குவாக்கில் ஏறத்தாழ 0.2 விழுக்காடு பருக்கும். 2.2 மீட்டர் உயரத்துக்கு அடுக்கிய சுவர் எவ்வளவு உயரும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்: கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர். கதவுச் சட்டத்தைச் சுற்றி அந்த அசைவுக்கு இடம் விடாவிட்டால் சட்டம் கோணும், கதவு இழுத்துக்கொள்ளும்.

மரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2023இல் திறக்கப்பட்ட 'கையா' கட்டடம் ஆறு மாடி. ஆசியாவின் ஆகப் பெரிய மரக்கட்டடம் என்று அறிவிக்கப்பட்டது. பலகைகளை அடுக்கிப் பசையால் இறுக்கிய பொறியியல் மரத்தால் கட்டியது. அத்தனை வல்லுநர்கள் கூடிக் கட்டியும், ஈராண்டுக்குள் அதன் சில பகுதிகளில் பூஞ்சணம் படர்ந்தது செய்தியானது. தோட்டத்துக் குடிலுக்கு அந்த அளவு பராமரிப்பை யார் செய்யப்போகிறார்கள்?

சரி, எதைப் பின்பற்றுவது? இங்கேயே விடை இருந்தது. மலாய்க் கம்பத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். தூண்மேல் தூக்கிய தளம், செங்குத்தான கூரை, நீண்ட இறவாரம், எதிரெதிரே சன்னல்கள். தரையின் ஈரம் ஏறாது. கறையான் மண்குழாய் கட்டிக்கொண்டு தூணில் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். பலகைத் தளத்தின் அடியிலும் காற்று ஓடும். செம்பவாங்கில் கடற்படைத் தள அதிகாரிகளுக்காகப் பிரிட்டிஷார் கட்டிய கறுப்பு வெள்ளை பங்களாக்களிலும் அகன்ற இறவாரத்தையும் தாழ்வாரத்தையும் பார்க்கலாம். நம் தாத்தா பாட்டி ஊரின் திண்ணையும் அதே வேலையைத்தான் செய்தது: சுவரில் வெயில் படாமல் காத்தது.

இறவாரத்தின் பலனைக் கோணக் கணிதத்தில் நீங்களே காணலாம். சூரியன் உச்சியிலிருந்து 25 டிகிரி சாய்ந்திருக்கும் டிசம்பர் நண்பகலில், 1 மீட்டர் நீட்டிய இறவாரம் தெற்குச் சுவரில் 2.1 மீட்டருக்கு நிழல் தரும். கிட்டத்தட்ட முழுச் சுவருமே நிழலில். கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கு இந்தக் கணக்கு பலிக்காது, காலை மாலை வெயில் தாழ்வாக வரும். அந்தப் பக்கங்களில் சன்னலைத் தவிர்த்து, வடக்கிலும் தெற்கிலும் பெரிதாகத் திறப்பதே நல்லது. வடகிழக்கு, தென்மேற்குப் பருவக்காற்றுகளும் ஏறத்தாழ அந்த வழியாகத்தான் வருகின்றன. காற்று நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் உடலில் பட்டாலே இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் தோன்றும். காற்று இல்லாத நாளில் ஒரு மின்விசிறி போதும்.

கம்பத்து வீட்டின் அத்தாப்பு ஓலையை மட்டும் விட்டுவிடுங்கள். 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீ ஒரே நாளில் கிட்டத்தட்ட 16,000 பேரின் வீடுகளைப் பறித்தது. ஓலைக்குப் பதில் வெளிர்நிற உலோகத் தகடு, அதன்கீழ் காற்றோடும் இடைவெளி, பிறகு உட்கூரை. மழை பெய்தால் தகரத்தில் சத்தம் பலமாகத்தான் இருக்கும், அதற்கும் இந்த இரட்டைக் கூரை ஓரளவு உதவும். கூரை விளிம்பில் தண்ணீர்க் காடி வேண்டாம். இலை அடைத்து நீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்குத்தான் வீடு கட்டியிருப்போம். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டர் மழையும் நேரே சரளைக்கல் படுகையில் விழட்டும்.

தரைவீட்டில் இப்படி ஒன்று எழுப்ப நினைக்கும் பெற்றோர், பலகை வாங்குமுன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளையும் கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிகளையும் பார்த்துவிட வேண்டும். அடுக்குமாடியில் 'பாம் ஷெல்டர்' அறையைப் படிப்பறையாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சன்னல் இல்லாத, கனத்த இரும்புக் கதவுள்ள அறை அது. கதவை மூடிக்கொண்டு படித்தால் கரியமில வாயு கூடிக்கொண்டே போகும், தூக்கம்தான் வரும்.

என் யோசனை வேறு. உட்லண்ட்ஸ் பள்ளி ஒன்று தன் தோட்டத்தில் மாணவர்களே வடிவமைத்த படிப்புக் கொட்டகை ஒன்றைக் கட்டட்டும். பெட்டியில் வரும் குடிலுக்குக் கொடுக்கும் பணத்தைவிட அது பயனுள்ள செலவு. முதலில் கம்போங் அட்மிரல்டிக்குப் போய்ப் பாருங்கள். 2018இல் உலகின் சிறந்த கட்டடம் என்ற விருது பெற்றது, அட்மிரல்டி பெருவிரைவு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேலே படிப்படியாகத் தோட்டம், கீழே சுவரில்லாத மன்றம். நண்பகலில் அந்த மன்றத்தில் ஒரு வெப்பமானியைப் பிடித்துவிட்டு, அதே வெப்பமானியோடு வெளியே வெயில் படாத ஒரு நடைபாதையிலும் நில்லுங்கள்.

பிறகு இரண்டு காலணிப் பெட்டிகள். ஒன்றை அப்படியே மூடிவையுங்கள். மற்றதை நான்கு குச்சிகள்மேல் தூக்கி, எதிரெதிர்ப் பக்கங்களில் சன்னல் வெட்டி, அதன்மேல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வெள்ளை அட்டை ஒன்றை அகலமாகக் கவிழுங்கள். இரண்டிலும் வெப்பமானி வைத்து, காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிவரை அரை மணிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். கொட்டகைக்கு எந்தக் கூரை என்று ஆசிரியரிடம் வாதாட அந்த அட்டவணை போதும்.