வயல்வெளிக் கேள்விகள்: ஆள் இல்லாமல் ஓடும் வண்டி நம் ஊருக்கு எதற்கு?

கேள்வி: ‘‘ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடும் வண்டிக்கு அரசாங்கம் கோடிக்கணக்கில் பணம் ஒதுக்கி ஆராய்ச்சி செய்வதாகப் பேப்பரில் படித்தேன். எனக்கு இரண்டரை ஏக்கர், நெல்லும் நிலக்கடலையும் வைக்கிறேன். மகன் வாடகை டிராக்டர் ஓட்டுகிறான். மருமகள் விடியற்காலையில் வேன் பிடித்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். மலைக்கு மேலே சரியான ரோடே இல்லாதபோது இந்த ஆராய்ச்சியால் நமக்கு என்ன பிரயோஜனம்? மகனுடைய பிழைப்பு போய்விடுமா?’’

- வாசகர் ஒருவர், அமிர்தி, வேலூர் மாவட்டம்.

பதில்: நியாயமான கேள்வி. பணம் எங்கே போகிறது என்பதிலிருந்து ஆரம்பிப்போம்.

2018 டிசம்பரில் மத்திய அரசு 3,660 கோடி ரூபாயில் ஒரு தேசிய ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. கம்ப்யூட்டரும் இயந்திரமும் சேர்ந்து தாமாகவே வேலை செய்யும் தொழில்நுட்பங்களுக்காக நாடு முழுக்க 25 மையங்கள் அமைப்பதுதான் அந்தத் திட்டம். அதில் ஹைதராபாத் ஐ.ஐ.டி.யில் இருக்கும் ‘டிஹான்’ மையம் தானியங்கி வண்டிகளுக்கானது. 130 கோடி ரூபாய் மதிப்பிலான அதன் சோதனைத் தளம் 2022 ஜூலையில் திறக்கப்பட்டது. அந்த வளாகத்துக்குள்ளேயே ஓட்டுநர் இல்லாத சிறிய பஸ்களை ஓட்டிப் பார்க்கிறார்கள். இதே திட்டத்தில் பஞ்சாபின் ரோபர் ஐ.ஐ.டி.க்குக் கிடைத்தது விவசாயமும் தண்ணீரும். ஆகவே மொத்தப் பணமும் காருக்கே போகிறது என்று நினைக்க வேண்டாம்.

கிராமத்து ரோட்டில் யாராவது ஓட்டிப் பார்த்திருக்கிறார்களா? அமெரிக்காவில் பார்த்திருக்கிறார்கள். 2019-ல் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 6 கோடி டாலரைத் தானியங்கி வண்டிச் சோதனைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. அயோவா பல்கலைக்கழகம் அதில் 70 லட்சம் டாலர் பெற்று, சிற்றூர்களைச் சுற்றி 47 மைல் பாதையில் ஒரு சிறு பஸ்ஸை ஓட்டியது. பாதையில் ஜல்லி ரோடும் உண்டு. கார் ஓட்ட முடியாத முதியவர்கள் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் போய்வர இது உதவுமா என்று பார்ப்பதே நோக்கம். அப்போதும் ஸ்டீயரிங் முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்தேதான் இருந்தார்.

இந்த வண்டிக்குக் கண், கேமராவும் ரேடாரும். வழி சொல்வது ஜி.பி.எஸ். ரோட்டில் வெள்ளைக் கோடு இருந்தால் அதற்கு வேலை சுலபம். நம் பக்கத்து ரோட்டில் கோடு எங்கே இருக்கிறது? அறுவடைக் காலத்தில் கேழ்வரகுக் கதிரையும் கொள்ளையும் ரோட்டிலேயே பரப்பிவிடுகிறோம். வண்டி ஏறி மிதித்தால் மணி உதிரட்டும் என்பது நம் கணக்கு. அந்த வண்டியோ எதிரில் தடை இருக்கிறது என்று அப்படியே நின்றுவிடும். ஆடு மாடு குறுக்கே வருவது தனிக்கதை. கோடு போட்ட வளாகத்தில் ஓடிய வண்டி அமிர்தி மலையடிவாரத்தில் ஓட வேண்டுமானால், சோதனையும் இந்த மாதிரி ரோட்டில் நடக்க வேண்டும். ஆராய்ச்சிப் பணத்தில் நாம் உரிமையோடு கேட்கக்கூடிய பங்கு அதுதான்.

மகன் பிழைப்பைப் பற்றிப் பயம் வேண்டாம். ஓட்டுநர்களின் வேலை போகும் என்பதால் ஓட்டுநர் இல்லாத கார்களை இந்தியாவில் அனுமதிக்க மாட்டேன் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2023 டிசம்பரிலும் சொன்னார். தானாக ஓடும் டிராக்டரை மஹிந்திரா நிறுவனம் 2017-லேயே காட்டிவிட்டது. ஆனால் அது நீளமான, நேரான வயலுக்குத்தான் லாபம். அரை ஏக்கர் வயலில், வரப்பு வளைந்து போகும் இடத்தில், மோட்டார் கொட்டகை ஓரத்தில் டிராக்டரைத் திருப்ப உங்கள் மகன்தான் வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குறித்துக் கொடுத்த பாதையில் தானாகப் போகும் வண்டி நம் வயலுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. மருந்து தெளிக்கும் டிரோன்தான் அது. ரோடு வேண்டாம், வரப்பு தடையில்லை. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 150 முதல் 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். டிரோனுக்குச் சுமார் 10 லிட்டர் போதும், சுமார் பத்து நிமிடத்தில் ஓர் ஏக்கர் முடியும். வீட்டுக்கு ஒருவர் ஷூ கம்பெனிக்குப் போய்விட்ட ஊர்களில், மருந்தடிக்க ஆள் கிடைக்காத குறைக்கு இது உதவும்.

குறையும் உண்டு. ஒரு செயல்விளக்கத்தில் பார்த்தேன்: தென்னை மரமும் மின்கம்பியும் இருந்த ஓரத்தை டிரோன் விட்டுவிட்டது, அங்கே கைத்தெளிப்பானால்தான் அடித்தார்கள். காற்று வேகமாக வீசினால் மருந்து பக்கத்து வயலுக்குப் போகும். அருகில் மல்பெரித் தோட்டமோ தேனீப் பெட்டியோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இப்போது செய்யக்கூடியவை:

1. இரண்டரை ஏக்கருக்காகக் கடன் வாங்கி டிரோன் வாங்காதீர்கள். 2022-ல் வந்த மத்திய அரசு விதிமுறைப்படி சிறு, குறு விவசாயிக்கு 50 சதவிகிதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. ஆனாலும் மீதிப் பணமும் பேட்டரிச் செலவும் உங்கள் தலையில்தான். தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுப்பதே நல்லது. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரியுங்கள். உழவன் செயலியையும் பாருங்கள்.

2. ஊரில் மகளிர் சுயஉதவிக் குழு இருந்தால் ‘நமோ டிரோன் தீதி’ பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். 1,261 கோடி ரூபாய்த் திட்டம் இது. குழுவுக்கு 80 சதவிகிதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் உதவி. தேர்வாகும் பெண்ணுக்கு 15 நாள் பயிற்சி. இப்போது புதிய ஒதுக்கீடு இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. மகன் பத்தாம் வகுப்பு முடித்திருந்தால் டிரோன் ஓட்டும் சான்றிதழ் பெறலாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். டிராக்டரோடு இன்னொரு தொழிலும் கையில் இருக்கட்டும்.

4. ரோட்டை மறக்க வேண்டாம். 2023 மே மாதம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையை நேரத்துக்கு ஆஸ்பத்திரி கொண்டுசேர்க்க முடியவில்லை. குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்துகொண்டே மலை ஏறினார். அந்தப் பாதையில் ஓட்டுநர் இருந்த ஆம்புலன்ஸே போக முடியவில்லை. ஓட்டுநர் இல்லாத வண்டிக்கும் ரோடு வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை உண்டு. எந்தப் பாதை, எத்தனை கிலோமீட்டர், எத்தனை குடும்பம் என்று எழுதிக்கொண்டு போய்த் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். நகலைக் கையோடு வாங்கி வாருங்கள்.

ஆராய்ச்சி நடக்கட்டும், அதன் பலன் நமக்கும் ஒரு நாள் வரும். அது வருவதற்குள் ரோடு வந்திருக்க வேண்டும்.