வாடியும் வானும்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இரண்டிலும் முதலிடம் வீட்டுக்குத்தான். வீடு வளவு இல்லாதவனுக்குப் பெண் கொடுக்கவும் யோசிப்பார்கள். கடன் கொடுக்கவும் யோசிப்பார்கள். இத்தகைய சமுதாயத்திலே பிறந்த மாணவ அன்பர் ஒருவர், "வீடு வாசலை வேண்டாமென்று விட்டு, வானுக்குள் குடியிருந்துகொண்டு, பாறை பாறையாகத் தேடித் திரிந்து ஏறுகிறார்களாமே, அவர்களுக்கு என்ன பைத்தியமா?" என்று நம்மைக் கேட்டிருக்கிறார். அவர் கூறும் வான் ஆகாயமன்று. நம் தெருக்களில் ஓடும் மோட்டார் வான்தான்.

பைத்தியமென்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடலாம். ஆனால் அவர்களுடைய பைத்தியத்திலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே யொசெமிற்றி என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. அங்கே எல் கப்பிற்றன் என்னும் கருங்கற் பாறை ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்துக்குச் சுவர்போல் எழுந்து நிற்கிறது. வொறன் ஹார்டிங் என்பவரும் தோழர்களும் 1957ஆம் ஆண்டு தொடங்கி, இடையிடையே இறங்கியும் மீண்டும் ஏறியும், பாறையில் மொத்தம் 45 நாட்களைச் செலவிட்டு, 1958 நவம்பர் 12ஆந் தேதி உச்சியை அடைந்தார்கள். அதே பாறையை 2017 ஜூன் 3ஆந் தேதி அலெக்ஸ் ஹொனோல்ட் என்னும் இளைஞர் கயிறு ஏதுமின்றி, தனியொருவராக, நான்கு மணி நேரத்துக்குள் ஏறி முடித்தார். பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு, முதலில் தாயாரின் பழைய வானிலும், பின்னர் தாம் வாங்கிய வானிலுமாகப் பல ஆண்டுகளை அவர் கழித்தவர். பலகையாலான ஒரு கட்டில், அதன் கீழே கயிறும் கொளுக்கியும், மூலையில் ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்க் கலன்: இவ்வளவுதான் அத்தகைய வீட்டின் தட்டுமுட்டு.

வாடகை மிச்சம் என்பது ஒரு காரணம். ஆயினும் முக்கிய காரணம் அதுவன்று. கையிலே வியர்வை கசிந்தாற் பிடி வழுக்கும். வெயிலிற் கொதிக்கும் பாறையிலே சப்பாத்தின் இறப்பரும் நன்றாகப் பற்றாது. ஆகவே வேனில் வந்ததும் குளிர்ந்த மலைகளை நோக்கியும், மாரி வந்ததும் பாலைநிலப் பாறைகளை நோக்கியும் இவர்கள் வானைத் திருப்புகிறார்கள். பருவத்தைத் தேடிப் போகிறவன் வீட்டையும் கூடவே கொண்டுபோகிறான். மாணவ அன்பரின் கேள்விக்கு இதுவே நம் விடை.

ஆனால், இந்த விடையைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவரை போகவேண்டியதில்லை. புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை போதும்.

அக்கரையிலே ஏறுவதற்கு மலை கிடையாது. சிலாபத்திலிருந்து கற்பிட்டி முனைவரை மணலும் தென்னையுமே. வடக்கே, வில்பத்துக் காடு கடலைத் தொடும் இடத்தில், குதிரைமலை என்று செம்மண் நிறத்தில் ஒரு மேடு நிற்கிறது; மலையென்ற பெயர் அதற்கு மரியாதைக்காக இட்டது. ஆயினும் அதன் கதை பெரியது. கி. பி. முதலாம் நூற்றாண்டிலே, உரோமாபுரி வரி ஒப்பந்தக்காரர் ஒருவரிடமிருந்து அடிமைத்தளை நீங்கிய பணியாளன், அரேபியாவைச் சுற்றிக் கப்பலிற் போகையிற் காற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையின் ஹிப்புறோஸ் என்னும் துறையிலே ஒதுங்கினான் என்று பிளினி எழுதிவைத்தார். கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றாற் குதிரை. ஆதலால் அத்துறை குதிரைமலையே என அறிஞர் சிலர் கருதுவர். வந்தவன் ஆறு மாதம் தங்கினானாம். ஆறு மாதம் என்பது இக்கரையிலே ஒரு காற்றின் ஆயுள் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

வைகாசியில் தொடங்கிப் புரட்டாசிவரை தென்மேற்குப் பருவக் காற்று இந்து சமுத்திரத்தைக் கடந்து நேரே இக்கரையின்மீது மோதுகிறது. நம்மவர் அதனைச் சோளகம் என்பர். அப்போது மேற்குக் கடல் கொந்தளிக்கும். சிறு வள்ளங்கள் இறங்க மாட்டா. அதே நேரத்தில் தீவின் மறுபக்கத்திலே, காற்றின் மறைவிலிருக்கும் கிழக்குக் கடல் குளம்போல் அடங்கியிருக்கும். பின்னர் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கியதும் கிழக்கு கொந்தளிக்க, மேற்கு அடங்கும். இவ்வளவையும் அறிந்த மீனவன் என்ன செய்வான்? மேற்குக்கும் கிழக்குக்குமாக வீட்டை மாற்றுவான்.

சிலாபம், நீர்கொழும்புப் பகுதிகளிலிருந்தும், தமிழ் ஊரான உடப்பிலிருந்தும், வலையும் தோணியும் கொண்டு முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளுக்குப் போய் வருவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். வாடை பிறந்ததும் கற்பிட்டிக் கரையும், அதற்கப்பாலுள்ள பத்தலங்குண்டு முதலிய தீவுகளும் வாடிகளால் நிரம்பும். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல், நெடுந்தீவிலே இவ்வாறு வாடி அமைக்க வந்த மீனவரைப் பற்றியதே. 1978இல் அது திரைப்படமாகவும் வந்தது.

வாடி என்றால் என்னவென்று கொழும்பு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நட்ட கம்புகள், மேலே கிடுகு, கிடுகு பறந்துவிடாமல் அதன்மேற் பழைய வலைத்துண்டு, சில வேளைகளிற் படங்கு. தரை வெறும் மணல். ஒரு பக்கத்தில் வலைக் குவியல், ஒரு பக்கத்தில் அரிசிச் சாக்கும் உப்பும், நடுவே பாய். கருவாடு வெளியே காயும். குடிக்க நீர் வேண்டுமல்லவா? மணலிலே விழும் மழைநீர் நிலத்தடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கும். ஆழமற்ற கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர், பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உவர். பத்து அடிக்கும் பதினைந்து அடிக்கும் உள்ள வேறுபாட்டைச் சரியாக அறியாதவன் அங்கே ஒரு பருவம் தங்க முடியாது. வானுக்குள் வாழும் பாறையேறிகள் தண்ணீர்க் கலனை நிரப்பக் கடையைத் தேடுகிறார்கள். இவர்கள் மணலைப் படிக்கிறார்கள். எது பெரிய வித்தை என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

இருவருக்குமிடையே வேறொரு பேதமும் உண்டு. பாறையேறியின் வானில் அவன் தனியன். மிஞ்சினால் ஒரு தோழமை. வாடிக்கோ குடும்பமும் பின்னால் வரும். முழுக் குடும்பமும் பெயர்ந்தாற் பிள்ளையின் ஒரு தவணைப் படிப்பு போகும். ஆடவர் மட்டும் பெயர்ந்தால், ஆறு மாதம் வீட்டின் பாரம் முழுவதும் பெண்ணின் தலையில்: கடன்காரனுக்குப் பதில் சொல்வதும் அவளே, பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் வைத்தியரிடம் ஓடுவதும் அவளே. அலைந்து வாழும் வாழ்க்கையின் சுவையைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இக்கணக்கை ஏனோ எழுதுவதில்லை.

பொழுதுபோக்குக்காகவும் பக்திக்காகவும் வண்டியில் வாழ்ந்த வழக்கமும் இக்கரைக்கு உண்டு. தலவிலப் புனித அன்னம்மாள் திருத்தலத்தின் பங்குனி, ஆவணித் திருவிழாக்களுக்குக் கூண்டு கட்டிய மாட்டுவண்டிகளிலே, சட்டிபானையோடு வந்து, வண்டியின் கீழேயே அடுப்பு மூட்டிப் பல நாள் தங்கிய குடும்பங்கள் எத்தனையோ. இன்று மாட்டுக்குப் பதில் லொறியும் வானும் வந்துவிட்டன. கூடாரமும் அடுப்பும் மாறவில்லை.

வீடு பெயரலாம்; ஆனால் அது இறங்கும் நிலம் யாருடையது? இங்கேதான் விஷயம் கனக்கிறது. 1984ஆம் ஆண்டின் இறுதியிலே கொக்கிளாய், நாயாற்றுக் கரைகளிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டன. யுத்தம் 2009இல் முடிந்தபின் அவர்கள் மீண்டும் வந்தபோது, மேற்குக் கரையிலிருந்து வந்தவர்களின் வாடிகள் தங்கள் துறைகளில் எழுந்திருக்கக் கண்டார்கள். "எங்கள் பாட்டன் காலத்திலேயே வந்த கரை இது" என்றனர் வந்தவர்கள். "பருவத்துக்கு வந்து போனீர்கள், குடியேறவில்லையே" என்றனர் ஊரவர். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் வீட்டை இழந்தவர் யார் என்பதை மறந்துவிட்டு நியாயம் பேச முடியாது. 2018 ஓகஸ்டில் நாயாற்றிலே தமிழ் மீனவரின் வாடிகளும் வள்ளங்களும் வலைகளும் இரவில் எரிந்து சாம்பலாயின. கிடுகும் கம்பும் விலையற்றவை. அவற்றுள் இருந்த வலையோ ஒரு குடும்பத்தின் முழுச் சொத்து.

புத்தளமும் இதனை அறியாததன்று. 1990 ஒக்டோபரிலே வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் ஒரு சில நாட்களுக்குள், இடத்துக்கிடம் சில மணி நேரத்துக்குள், விரட்டப்பட்டனர். மன்னாரிலிருந்து பலர் தோணிகளிலும் வள்ளங்களிலும் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். புத்தளத்துக் கிராமங்கள் அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தன. அவர்கள் கட்டியவையும் கிடுகுக் கொட்டில்களே. தூரத்திலிருந்து பார்த்தால் வாடிபோலத்தான் தெரியும். ஒரு பருவத்துக்கென நினைத்துக் கட்டிய கொட்டிலிலே பதினைந்து, இருபது ஆண்டுகள் கழிந்தன. அங்கே பிறந்த பிள்ளைகள் அங்கேயே கலியாணமும் செய்துகொண்டனர். வீட்டைத் துறந்தவனையும் வீட்டிலிருந்து துரத்தப்பட்டவனையும் ஒரே படத்தில் வைத்து, "எளிமையான வாழ்வு" என்று அழகு பார்ப்பது நமக்கு உடன்பாடன்று.

இவ்வளவும் பழைய கதை. புதிய கதை ஒன்று கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளாகக் கற்பிட்டியில் நடந்துவருகிறது. பெரிய பட்டமொன்றை வானில் ஏற்றி, அதன் கயிற்றை இடுப்பிலே பூட்டி, காலிற் பலகை கட்டி, நீரின்மேற் பறந்து செல்லும் விளையாட்டு அது. ‘கைட் சேர்பிங்’ என்பார்கள். உலகின் எந்தக் கரையிற் காற்று பிறக்கிறதோ அந்தக் கரைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் ஒரு கூட்டம் இருக்கிறது. பாறையேறிகளுக்கு இவர்கள் ஒன்றுவிட்ட சகோதரர்கள். வைகாசி முதல் ஐப்பசிவரை ஒரு பருவமும், மார்கழி நடு முதல் மாசி கடந்து ஒரு பருவமுமாக, ஆண்டுக்கு இரு முறை இவர்கள் கற்பிட்டிக்கு வருகிறார்கள். திறந்த கடல் கொந்தளித்தாலும், மணல் திட்டுக்களின் பின்னாலுள்ள களப்பு நீர் அலையின்றி இருக்கும். மேலே காற்று, கீழே அமைதி. அவர்களுக்கு வேண்டியது அதுவே.

இதிலுள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். மீனவனை வீட்டைக் கட்டிக்கொண்டு ஓடச் செய்யும் அதே சோளகந்தான் இவர்களைச் சமுத்திரம் கடந்து அழைத்து வருகிறது. ஒருவனுக்குத் தொழிலைக் கெடுக்கும் காற்று மற்றவனுக்குத் தொழிலையும் பொழுதுபோக்கையும் கொடுக்கிறது. அதே காற்றை நம்பியே 2010இல் மாம்புரியில் மின்சாரக் காற்றாலைகளும் எழுந்தன. கற்பிட்டி இளைஞர் சிலர் வெளிநாட்டவருக்கே இவ்விளையாட்டைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களாகி இருக்கிறார்கள். தகப்பன் காற்றைப் பார்த்து வலையைச் சுருட்டுகிறான். மகன் அதே காற்றைப் பார்த்துப் பட்டத்தை விரிக்கிறான். இது மகிழத் தக்கதே.

சோளகத்திலே பெரிய பிணக்கு இல்லை. வாடைப் பருவத்திலோ பட்டக்காரரும் கரைவலைக்காரரும் ஒரே மணலில் நிற்கவேண்டி வருகிறது. கரைவலை என்பது வள்ளத்திலே கடலுக்குள் சென்று வலையை வளைத்துப் போட்டு, இரு தலைக் கயிறுகளையும் கரையில் நின்று பலர் கூடி இழுப்பது. அதற்கு நீண்ட, தடையற்ற மணற்கரை வேண்டும். நடுவிலே ஒரு விடுதியின் வேலி வந்துவிட்டால் கயிறு நிற்கும்; கயிறு நின்றால் அன்றைய தொழிலும் நிற்கும். தீவுகள் பதினான்கை உள்ளடக்கிய பெரிய சுற்றுலாத் திட்டமொன்றை அரசாங்கம் கற்பிட்டிக்கு வகுத்தபோது, மீனவர் எதிர்த்து எழுந்ததற்குக் காரணம் வெளிநாட்டாரின்மீதுள்ள வெறுப்பன்று. வாடி போடும் மணலுக்கு உறுதி எழுதப்பட்டிருக்கவில்லை என்பதே. ஆண்டில் ஆறு மாதம் வெறுமையாகக் கிடக்கும் கரையைக் காகிதத்திற் பார்ப்பவர், அது யாருக்கும் உரியதன்று என எண்ணிவிடுகிறார்.

உறுதி இல்லாவிட்டாலும் முறை உண்டு. கரைவலை இழுக்கும் இடத்தைப் பாடு என்பர். இன்ன பாட்டிலே இன்ன நாள் இன்ன சம்மாட்டியின் வலை என்று முறைவைத்து, பல குடும்பங்கள் ஒரே மணலைப் பங்கிட்டு வாழ்ந்து வந்திருக்கின்றன. இந்த முறையிலே பட்டக்காரருக்கும் ஓர் இடம் ஒதுக்க முடியாதா என்பது நம் யோசனை. விடியற் பொழுதிற் காற்று அடங்கியிருக்கும். வலை வளைக்க அதுவே நல்ல வேளை. வெயில் ஏற ஏறத் தரை சூடாகிக் கடற்காற்று வலுக்கும். பட்டம் ஏற்ற அது நல்ல வேளை. முற்பகல் வலைக்கு, பிற்பகல் பட்டத்துக்கு என்று நேரத்தைப் பிரித்துக்கொள்ள இயற்கையே வழி வைத்திருக்கிறது. ஆனால் பிரிப்பது யார் என்பது முக்கியம். விடுதி முதலாளிமார் கூடி எழுதிய அட்டவணையைக் கொண்டுவந்து மீனவரிடம் கையொப்பம் கேட்பது சரியன்று. பாட்டு முறையை அறிந்த சம்மாட்டிமாரும், கயிறு இழுக்கும் தொழிலாளரும், பட்டம் கற்பிக்கும் அவ்வூர்ப் பையன்களும் அடுத்த வாடைக்கு முன்னர் ஒன்றாக உட்கார வேண்டும். ஐப்பசியிற் கிழக்கிலிருந்து வலைகளை ஏற்றிய லொறிகள் திரும்பும். கம்பு நடுவதற்கு முன்னர் பேசிவிடுவது நல்லது.