எஞ்சின் வேலை முடிந்ததும் செல்ப் மெதுவாகச் சுற்றுகிறதா?

டிராக்டர் எஞ்சினுக்கு முழு வேலையும் பார்த்து வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். மறுநாள் காலையில் செல்ப் போட்டால் எஞ்சின் மெதுவாக இரண்டு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. உடனே "பாட்டரி போய்விட்டது", "செல்ப் மோட்டாரை மாற்றுங்கள்" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். லைனர், பிஸ்டன், பேரிங் எனக் கடன் வாங்கிச் செலவு செய்த சிறு விவசாயி மீண்டும் கடைக்கு ஓடுகிறார். இந்த அவசரம் வேண்டாம் என்பதே என் கருத்து. காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்துவிட வேண்டும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்று வேகமாக அமுக்கப்படும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு போதாது. அதிலும் புதிய ரிங்கும் பேரிங்கும் சற்று இறுக்கமாகவே இருக்கும். தேய்ந்த எஞ்சினைச் சுற்றப் போதுமாக இருந்த பாட்டரியும் வயரும் இப்போது திணறலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உழவர் இதே குறைக்காகப் புதுப் பாட்டரி வாங்கிப் போட்டார். குறை தீரவில்லை. போய்ப் பார்த்தேன். பட்டறையில் எஞ்சினுக்கு அழகாகப் பெயிண்ட் அடித்து, அந்தப் பெயிண்டின் மேலேயே எர்த் வயரை முடுக்கியிருந்தார்கள். அந்த இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி மீண்டும் முடுக்கியதும் எஞ்சின் உடனே கிளம்பியது. பாட்டரிக்குக் கொடுத்த பணம் வீண்தான்.

ஆகவே வரிசையாகப் பாருங்கள். எஞ்சின் பட்டறையில் கிடந்த நாட்களில் பாட்டரியும் சும்மா கிடந்து சார்ஜ் இறங்கியிருக்கும். முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் பாட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். குறைந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். அடுத்து, டெர்மினல்களில் பூத்திருக்கும் வெள்ளைப் படிவைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். கழற்றும்போது எர்த் முனையை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் கையாள வேண்டும். பாட்டரி அருகே பீடி, தீக்குச்சி கூடாது.

பிறகு, பாட்டரியின் எர்த் முனையிலிருந்து எஞ்சின் இரும்புக்கு ஒரு தடித்த ஜம்பர் வயரை நேரடியாகப் பிடித்து செல்ப் போடுங்கள். வேகமாகச் சுற்றினால் குறை எர்த் வயரில்தான். செல்ப் போடும்போது பாட்டரி முனையில் 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாட்டரி பலவீனமாக இருக்கலாம், அல்லது மோட்டாரோ எஞ்சினோ அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கலாம். 11 வோல்ட்டுக்கு மேல் நின்றும் மெதுவாகச் சுற்றினால் வயர், இணைப்பு, செல்ப் மோட்டார் இவற்றில் தடை இருக்கிறது. ஒரு முறை 10 விநாடிக்கு மேல் செல்ப் போடாதீர்கள். இடையில் ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் குறை தீரவில்லையென்றால், மெக்கானிக்கை அழைத்து இன்ஜெக்டர்களைக் கழற்றச் சொல்லி, கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சினை ஸ்பேனரால் கையில் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் பிடித்தால் பேரிங் கேப் மாறியிருக்கலாம், அல்லது பேரிங் அளவு தவறியிருக்கலாம். அப்படிப்பட்ட எஞ்சினை வேறு டிராக்டரால் இழுத்துக் கிளப்புவது பெரும் தவறு. புது கிராங்கும் பேரிங்கும் ஒரே நாளில் கெட்டுவிடும்.

கடைசியாக ஒரு யோசனை. எஞ்சின் நன்கு ஆறியிருக்கும்போது ஒரு முறையும், ஓடிச் சூடானபின் ஒரு முறையும் உங்கள் கண் முன்னே செல்ப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு மீதிக் கூலியைக் கொடுங்கள். கழற்றிய பழைய சாமான்களையும் கேட்டு வாங்குங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். உழவுக்கு ஈரம் காத்திருக்காது. பட்டறையில் செலவிடும் அந்த ஒரு மணி நேரம், பருவத்தில் பல நாட்களை மிச்சப்படுத்தும்.