முதல் அடி, கடைசி ஓட்டு

ஒரு மாணவர் வட்டத்தில் பேசப் போயிருந்தேன். ஒரு தம்பி எழுந்து, "அண்ணே, ரோமானியப் படையில முன்வரிசையில நின்னவன் ஏழைதான். அது நமக்குப் பெருமையில்லையா?" என்றான். கைதட்டினார்கள். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அந்த முன்வரிசைக்கு லத்தீனில் வெலிட்டஸ் என்று பெயர். (உடனே நம்ம 'வேல்'தான் அங்கே போச்சு என்று யாரும் கிளம்ப வேண்டாம்.) யார் இவர்கள்? கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கன் பொலிபியஸ் ஒளிக்காமல் எழுதுகிறான்: படைக்கு எடுத்தவர்களில் வயதில் இளையவன், சொத்தில் குறைந்தவன். 4,200 பேர் கொண்ட லெஜியனில் இவர்கள் சுமார் 1,200. ஒரு வாள், மூன்றடி வட்டக் கேடயம், சில எறிஈட்டிகள். உடம்புக்குக் கவசம் இல்லை. 10,000 டிராக்மாவுக்கு மேல் சொத்துள்ளவனுக்கோ இரும்பு வளையச் சட்டை.

எறிஈட்டியின் முனை ஒரு தடவை பட்டதும் வளைந்துவிடும். எதிரி எடுத்துத் திருப்பி எறிய முடியாது. ஆளையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். தலையில் ஓநாய்த் தோல் வேறு. காப்புக்கு மட்டுமல்ல, இவன் துணிந்து சண்டை போடுகிறானா என்று மேலதிகாரி அடையாளம் கண்டு கணக்கெடுக்க.

கி.மு. 202, ஸாமா. ஹன்னிபாலின் யானைகள் எண்பதுக்கு மேல். அவற்றின் எதிரே முதலில் யாரை நிறுத்தினான் சிப்பியோ? இவர்களைத்தான். மிதிபட்டது இவர்கள். 'ஆப்பிரிக்கானுஸ்' என்ற பட்டம் அவனுக்கு. பெருமையாம், பெருமை!

சரி, ஓட்டுக்கு வருவோம். கான்சல்களைத் தேர்ந்தெடுத்ததும் போரை அறிவித்ததும் ரோமின் நூற்றுவர் சபை. அதில் 193 பிரிவுகள், பிரிவுக்கு ஒரு ஓட்டு. பழைய ஏற்பாட்டில் குதிரைக்காரர்களுக்கு 18, முதல் வகுப்புப் பணக்காரர்களுக்கு 80. கூட்டினால் 98. ஜெயிக்க 97 போதும். அவர்கள் ஒத்துப்போனால் ஓட்டெடுப்பு அங்கேயே முடிந்தது. சொத்தே இல்லாத அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிரிவு. பிறகு ஒரு திருத்தம் வந்து 80, 70 ஆனது. கடைசியில் நின்றவன் கடைசியில்தான் நின்றான்.

நான் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். வரிசையின் கடைசி ஆள் வருமுன் கவுண்டரை மூடினால் மண்ணை வாரித் தூற்றுவார்கள். ரோமில் அதற்குக் குடியரசு என்று பெயர்.

அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் இதே ரோமைத் தொடுகிறார். பிளீபியர்களுக்குக் கான்சல் பதவி ஒன்று கிடைத்தும் பயனில்லாமல் போனது ஏன் என்று கேட்கிறார். தேர்ந்தெடுத்தவனை டெல்ஃபி தெய்வம் ஏற்க வேண்டும். தெய்வத்தின் பேரில் பேசிய பூசாரியோ பட்ரீசியன் என்கிறார். இடம் கொடுப்பார்கள், சாவியைக் கொடுக்க மாட்டார்கள்.

தம்பி, முன்வரிசை தருகிறேன் என்று வருகிறவனிடம் கேள்: கவசம் யாருக்கு? என் ஓட்டு எப்போது? ஊர்வலத்தில் நாம் முன்னால் போகிறோம், தடியடி முதலில் நம் மண்டையில் விழுகிறது. தீர்மானம் எழுதுகிற அறையில் மட்டும் நமக்கு நாற்காலி இல்லையென்றால், அது கூட்டணி இல்லை. ஓநாய்த் தோல்.