படிகள் பல, ஒழுங்கு ஒன்று

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டு எழுப்பிய கெல்டிரியா கோட்டை இன்று இல்லை. ஆயினும் அங்கு நடந்த வணிகத்தின் வரலாறு அழிந்துவிடவில்லை. அங்கிருந்து எழுதப்பட்ட கடிதங்களின் படிகள் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) நெதர்லாந்துக்கும் அனுப்பப்பட்டன. அவற்றுள் பல, தி ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. ஓரிடத்தில் அழிந்ததை மற்றோரிடம் காத்துத் தந்தது.

கணினியில் சேர்க்கப்படும் அறிவுக்கும் இப்பாடம் பொருந்தும். பலர் கூடி ஒரு மென்பொருளையோ நூலையோ உருவாக்கும்போது, யார், எப்போது, எதனை மாற்றினார் எனப் பதிந்துவைக்கும் முறை பதிப்புக் கட்டுப்பாடு எனப்படும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு உருவாக்கிய 'கிட்' இவற்றுள் புகழ்பெற்றது. இதில் ஒருவர் தம் கணினியிலுள்ள தொகுப்பை, இணையத்திலுள்ள தொலைநிலைக் களஞ்சியங்கள் பலவற்றோடு இணைத்துக்கொள்ளலாம். ஒரே களஞ்சியத்தை நம்பியிருப்பது அறிவுடைமையன்று. பெருநிறுவனம் நடத்திய 'கூகுள் கோட்' தளமே 2016ஆம் ஆண்டு மூடப்பட்டது.

களஞ்சியங்கள் பலவானால் குழப்பமே மிகும் என்பாரும் உளர். அக்கூற்றைப் புறந்தள்ள இயலாது. பழவேற்காட்டு மீனவர் வழங்கும் மீன்பெயர்களையும் காற்றின் பெயர்களையும் மீஞ்சூர் மாணவர்கள் திரட்டி, இரு களஞ்சியங்களில் வைப்பதாகக் கொள்வோம். ஒருவர் ஒன்றிலும், மற்றவர் இன்னொன்றிலும் திருத்தினால், எது சரியான படி என்னும் ஐயம் எழும். களஞ்சியத்தின் புதிய மாற்றங்களைப் பெறாத ஒருவர் தம் படியை அனுப்பினால் 'கிட்' அதனை ஏற்க மறுக்கும். அவர் பொறுமையிழந்து வலிந்து அனுப்பும் கட்டளையை இட்டால், பிறர் சேர்த்த சொற்கள் அக்களஞ்சியத்திலிருந்து நீங்கிவிடும்.

குறை களஞ்சியங்களின் எண்ணிக்கையில் இல்லை; ஒழுங்கின்மையில்தான் உள்ளது. பழவேற்காடு ஏரி மீனவரிடையே 'பாடு' என்னும் மரபுமுறை உண்டு. யார், எப்போது, எவ்விடத்தில் வலையிடலாம் என முறைவைத்துக் கொள்வதால் பூசல் குறைகிறது. களஞ்சியங்களுக்கும் அத்தகைய ஒழுங்கு வேண்டும். முதலாவது, ஒவ்வொன்றுக்கும் அதன் பயன் விளங்குமாறு பெயரிடுதல். இரண்டாவது, திருத்தங்களைச் சேர்ப்பதற்கு ஒன்றையே முதன்மைக் களஞ்சியமாகக் கொள்ளுதல். மூன்றாவது, அனுப்புமுன் பிறர் செய்த மாற்றங்களைப் பெற்று, ஒப்பிட்டு இணைத்தல். நான்காவது, இணைத்த படியை மற்றக் களஞ்சியங்களுக்கும் தவறாமல் அனுப்புதல்.

மென்பொருளை மீண்டும் எழுதிக்கொள்ளலாம். முதிய மீனவர் ஒருவர் சொல்லிச் சென்ற சொல்லை, அவருக்குப்பின் கேட்டுப் பெற இயலாது. அதனைப் பல இடங்களில் சேமித்தலும், சேமித்தவற்றை முறையாகப் பேணுதலும் இன்றைய மாணவர் ஏற்கவேண்டிய கடமைகளாகும்.